ஆங்கிலத்தில் வருத்தம் உணர்த்தும் சொற்கள்

ஒருவன் தன் மனத்துயரைச் சொல்லால் வெளியிடுங்கால், அத்துயர் விளைதற்குத் தானும் காரணனோ என்பது அச்சொல்லிலேயே புலப்படுதலும் உண்டு. மறைந்து நிற்றலும் உண்டு. ஆங்கிலத்தில் இவ்வகையிற் பெரிதும் பயில்வன 'சாரி', 'ரிக்ரெட்', 'அபாலஜி' என்னும் மூன்றாம். இவற்றைத் தமிழாக்குவோர் 'வருத்தம்', 'மன்னிப்பு' என்னும் இரண்டனுள் ஒன்றைக் கைக்கு வந்தவாறு பெய்துவிடுதலும் உண்டு. மூன்றும் தம்முள் வேறுபடுமாற்றை வரலாறு கொண்டும் வழக்குக் கொண்டும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் 'சாரி' என்பதனை நோக்குவாம். துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' என்னும் சொல்லின் வழிப்பட்டது இது என்று கருதுதல் இயல்பே; ஒலியும் பொருளும் அவ்வாறு மயங்க வைக்கின்றன. ஆயின் இரண்டும் வெவ்வேறு வேரிற் பிறந்தவை. 'சாரி' என்பதன் அடி, நோவு, புண் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லாகும். புண்ணைக் குறிக்கும் இன்றைய 'சோர்' என்பதும் அதன் வழிவந்ததே. 'சாரோ' என்பதற்கோ, கவலையைக் குறிக்கும் செருமானியச் சொல்லாகிய 'சோர்கெ' இனமாகும். எனவே 'சாரி' என்பான் தன் நெஞ்சு நொந்தது என்கின்றானேயன்றித் தன்மேற் குற்றம் உண்டு என்கின்றானல்லன். இழவு வினவச் செல்வோனும் இச்சொல்லையே கூறுகின்றான்; பிறன் காலை மிதித்தவனும் இதனையே கூறுகின்றான். குற்றம் உண்மையும் இன்மையும் இடம் நோக்கி உணரற்பாலன.

'ரிக்ரெட்' என்பது பழைய பிரெஞ்சு மொழியினின்று வந்தது. ஆங்கு அது இறந்தாரை எண்ணிப் புலம்புதலைக் குறித்தது. பின்னர், கழிந்ததற்கு இரங்கும் எவ்வகை இரக்கத்திற்கும் உரியதாயிற்று. நிகழ்ந்தது நிகழாதிருந்திருக்கலாம் என்னும் எண்ணமே இதன் உயிர்நிலை. நிகழ்த்தியவன் யாவன் என்பதனை இச்சொல் கூறாது. விருந்தழைப்பை மறுக்கும் மடலிலும், வேலை இல்லை எனத் தெரிவிக்கும் அலுவலக மடலிலும் இஃது இயல்பாக வருதற்குக் காரணம் இதுவேயாம்.

'அபாலஜி' என்பதன் வரலாறு வியப்புடையது. கிரேக்க மொழியில் அது வழக்குமன்றத்தே ஒருவன் தன் பக்கத்தை எடுத்துரைக்கும் மறுப்புரையாகும். கி.மு. 399-இல் சாக்ரட்டீசு நிகழ்த்திய உரையைக் கூறும் பிளேட்டோவின் நூல் இப்பெயர் பெற்றது. அதன்கண் அவர் தம் கொள்கைக்காக எவரிடமும் மன்னிப்பு வேண்டினாரல்லர். 1864-இல் நியூமன் தம் சமய வாழ்க்கையை விளக்கி எழுதிய நூலின் தலைப்பிலும் இச்சொல் அப்பழம்பொருளிலேயே நின்றது. எனினும் பொது வழக்கில் அது குற்றத்தை ஏற்று வருந்துதல் என்னும் பொருளை முன்னரே எய்திவிட்டது. குற்றம் இல்லை என நாட்டிய சொல், குற்றம் உண்டு என ஏற்கும் சொல்லாயிற்று.

இவ்வேறுபாடு அகராதியளவில் நில்லாது அரசியலிலும் புகுந்துள்ளது. ஆத்திரேலியப் பழங்குடியினரின் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட கொடுமை குறித்து, 1999-இல் அந்நாட்டுத் தலைமையமைச்சர் ஓவர்டு நாடாளுமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் 'ரிக்ரெட்' என்பதனோடு அமைந்தது. 2008 பிப்ரவரி 13-ஆம் நாள் அவர்க்குப் பின்வந்த இரட்டு, 'அபாலஜி', 'சாரி' என்னும் இரண்டனையும் வெளிப்படக் கூறினார். ஒரு சொல்லுக்கு அம்மக்கள் காத்திருந்தனர் எனின், அச்சொல்லின் எடை சிறிதன்று.

2001 ஏப்ரலில் அமெரிக்க வானூர்தியும் சீன வானூர்தியும் ஐனான் தீவருகே மோதிச் சீன வீரர் ஒருவர் மாண்டார். சீனம் 'அபாலஜி' வேண்டிற்று. அமெரிக்கத் தூதர் மடலோ மிகவும் 'சாரி' என்றதோடு நின்றது. இருபொருட்கு இடந்தரும் அச்சொல்லால், சிறைப்பட்டிருந்த 24 அமெரிக்கரும் மீண்டனர்.

நம் நாட்டிற்கு உரியதும் ஒன்றுண்டு. 1919 ஏப்ரல் 13-இல் சாலியன்வாலாபாக்கில் மாண்டோர் 379 பேர் என ஆங்கிலேய அரசே கணக்குக் கூறிற்று. அதன் நூற்றாண்டை ஒட்டி, 2019 ஏப்ரல் 10-ஆம் நாள் பிரித்தானியத் தலைமையமைச்சர் தெரசா மே தம் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த 'ரிக்ரெட்' தெரிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் கார்பின் முழுமையான 'அபாலஜி' வேண்டும் என்றார். இந்நிகழ்ச்சியை, 'பிரித்தானியா மன்னிப்புக் கேட்டது' என ஒருவர் தமிழில் எழுதுவாராயின், அவ்வரசு கொடாத ஒன்றைக் கொடுத்ததாக நம் மக்களை நம்பச் செய்தவராவார். இது மொழிபெயர்ப்புப் பிழையன்று, வரலாற்றுப் பிழையே.

இனித் தமிழாக்கத்திற்கு வருவாம். 'ரிக்ரெட்' என்பதற்கு வருந்துதல், இரங்குதல் என்பனவே பொருந்தும். கழிவிரக்கம் என்னும் சொல்லும் ஏற்ற இடத்து நன்கமையும். 'சாரி' என்பதனை இடம் நோக்கி இரங்குதல் என்றோ பொறுத்தருள்க என்றோ பெயர்த்தல் வேண்டும். சொன்னவர் வேண்டுமென்றே பொருளை மறைத்து நின்றவிடத்து, 'மிக வருந்துகிறோம்' என நாமும் மறைத்தே நிற்றல் கடன். 'அபாலஜி' என்பதற்கு மன்னிப்புக் கேட்டல் என்பது பெருவழக்கு. ஆயினும் ஒரு நுண்ணிய வேறுபாடு கருதற்பாலது. மன்னிப்பு என்பது கேட்போன் அளிப்பது. 'அபாலஜி' என்பதோ சொல்வோன் ஏற்பது. எனவே குற்றத்தை ஏற்றமையே தலைமை பெறும் இடங்களில், 'தவற்றை ஏற்று மன்னிப்பு வேண்டுகிறோம்' என விரித்துரைத்தலே தக்கது.

வருந்துவோர் பலர், தம் தவற்றை ஏற்போர் சிலர். இவ்விருவரையும் ஒரு சொல்லால் ஒன்றாக்காமை மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய அறமாம் என்க.