பல் உட்பதியமும் மருத்துவப் படிமமும்

பல் உட்பதியம் என்பது இழந்த பல்லுக்கு மாற்றாகத் தாடை எலும்பில் பதிக்கப்படும் செயற்கை வேர் ஆகும். 1965இல் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் தைட்டானியப் பதியங்களை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். இன்றும் தைட்டானியமே பெரும்பாலும் பயன்படுகிறது. சிர்க்கோனியா என்னும் வெண்பீங்கானும் உண்டு. மருத்துவப் படங்களில் இவை உண்டாக்கும் போலித் தோற்றங்கள் நாக்கு, கன்னம், தாடை ஆகியவற்றிலுள்ள சிறு கட்டிகளை மறைக்கக்கூடும். வாய்ப்புற்று மிகுந்துள்ள இந்தியாவில் இது சிறிய இடர் அன்று.

சி.டி. வருடல்

சி.டி. வருடியில் எக்சு-கதிர்கள் பல கோணங்களில் உடலூடே செலுத்தப்படுகின்றன. அவை எவ்வளவு உறிஞ்சப்பட்டன என்னும் அளவீடுகளிலிருந்து கணினி குறுக்குவெட்டுப் படத்தை மீட்டெடுக்கிறது. இதற்கான அடிப்படை முறைகளுள் ஒன்றை கோ. நா. இராமச்சந்திரன், ஏ. வி. இலட்சுமிநாராயணன் ஆகிய இந்திய அறிவியலாளர்கள் 1971இல் வெளியிட்டனர். அதிலுள்ள வடிப்பி அவர்கள் பெயரால் 'ராம்-லாக்' எனப்படுகிறது.

இம்முறை எல்லா அளவீடுகளையும் சரியெனவே கொள்கிறது. உலோகத்தினூடே செல்லும்போது ஆற்றல் குறைந்த கதிர்கள் உறிஞ்சப்பட்டுவிட, எஞ்சிய சிலவே உணரியை அடைகின்றன. நிரலில் பிழையில்லை, உள்ளீட்டில்தான் பிழை. வடிப்பி விளிம்புகளை மிகைப்படுத்துவதால், அப்பிழை பதியத்தோடு நில்லாமல் கரிய, வெண்ணிறக் கோடுகளாகப் படத்தின் குறுக்கே நீள்கிறது.

பொதுவாக அணு எண் கூடினால் உறிஞ்சலும் கூடும். எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20, தைட்டானியம் 22, சிர்க்கோனியம் 40, பொன் 79, பாதரசம் 80. ஆகவே உலோகமாகத் தோன்றாத சிர்க்கோனியா, தைட்டானியத்தைவிட மிகுதியான கோடுகளை உண்டாக்குகிறது. பழைய பாதரசக் கலவை அடைப்புகளும் பொன் உறைகளும் இன்னும் மோசமானவை.

எம்.ஆர்.ஐ.

இங்கு நிலைமை தலைகீழ். எம்.ஆர்.ஐ. சீரான காந்தப்புலத்தைச் சார்ந்தது. தைட்டானியம் இரும்பைப்போல் ஈர்க்கப்படுவதில்லை. ஆயினும் அருகிலுள்ள புலத்தைக் குலைத்து, படத்தில் ஒரு கரும்பகுதியை ஏற்படுத்தும். இவ்விளைவு 1.5 டெசுலாவைவிட 3 டெசுலா வருடியில் மிகுதி. சிர்க்கோனியாவின் காந்த ஏற்புத்திறன் உடல் திசுக்களினதை ஒத்திருப்பதால் அது ஏறத்தாழ எந்தக் குலைவையும் உண்டாக்குவதில்லை. கோபால்ட்-குரோமியக் கலப்புலோகம் தைட்டானியத்தைவிடக் கூடுதலாகக் குலைக்கும்.

திருத்தம்

1987இல் வில்லி காலண்டர் குழுவினர், உலோக நிழல் விழுந்த அளவீடுகளை நீக்கி, அண்டை அளவீடுகளிலிருந்து இடைக்கணித்து நிரப்பும் முறையை வெளியிட்டனர். இதனால் கோடுகள் குறையும். ஆனால் நிரப்பப்பட்டவை ஊகித்த எண்களே, அளந்தவை அல்ல. பதியத்தை ஒட்டிய நுண்விவரங்கள் மங்கக்கூடும். எனவே அவ்விடத்தில் ஐயம் எழுந்தால் திருத்தாத படத்தையும் உடன்வைத்துப் பார்ப்பது நலம்.

தைட்டானியப் பதியம் இருப்பதனாலேயே எம்.ஆர்.ஐ.யைத் தவிர்க்க வேண்டியதில்லை. கழற்றக்கூடிய பற்கட்டுகளை வருடலுக்கு முன் கழற்றிவிட வேண்டும். பற்கட்டு காந்தத்தால் பிடித்து நிற்பதாயின், தாடையில் எஞ்சியிருக்கும் பகுதியைப் பற்றியும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.