கையால் கடையும் பேனை: மரத்துக்கு முன் உலோகத்தைத் தெரிவு செய்வோம்

அகதி வாழ்வில் பேனைக்கு உள்ள இடம் சிறிதன்று. புகலிட விண்ணப்பம் முதல் வீட்டு வாடகை ஒப்பந்தம் வரை, பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கும் படிவம் முதல் குடியுரிமைப் பத்திரம் வரை, எமது வாழ்வின் ஒவ்வொரு படியும் ஒரு கையொப்பத்தினாலேயே கடக்கப்படுகின்றது. அக்கையொப்பத்தை இடும் கருவியோ, பெரும்பாலும் எவரோ மேசையில் விட்டுச்சென்ற, மை தீர்ந்ததும் குப்பைக்குப் போகின்ற பிளாஸ்ரிக் பேனையாகவே இருக்கின்றது.

தம் கையாலேயே ஒரு பேனையைக் கடைந்து, பட்டம் பெறும் மகளுக்கோ, ஓய்வு பெறும் ஆசிரியருக்கோ, தொலைதூரத்தில் வாழும் சகோதரனுக்கோ அளிக்கவேண்டும் என்னும் விருப்பம் இப்பின்னணியில் எளிதாக விளங்கத்தக்கது. மரத்தைக் கடைந்து பேனை செய்யும் கைவினை பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நன்கு வேரூன்றியுள்ளது. சிறிய கடைசற்பொறி ஒன்றும், ஒரு சாண் நீள மரத்துண்டும், உதிரிப்பாகத் தொகுதி ஒன்றும் இருந்தாற் போதும். இக்கலையிற் புதிதாக இறங்குவோர் பலர் மரத்தைத் தெரிவு செய்வதில் நெடுநேரத்தைச் செலவிடுகின்றனர். உதிரிப்பாகத் தொகுதியையோ விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கிவிடுகின்றனர். இவ்வரிசை தலைகீழாக மாறவேண்டும் என்பதே எமது கருத்து.

ஒரு முறை பொருத்தினால் மீளாது

பேனை கடைபவர் பேனை முழுவதையும் செய்வதில்லை. மூடியின் தலைப்பாகம், கிளிப், நடுவளையம், புரியுள்ள இணைப்புகள், விரல் பிடிக்கும் முன்பாகம், அடிமுனை, சிறு சுருள்வில், மை அடங்கிய றீபில், இரண்டு பித்தளைக் குழாய்கள் ஆகிய யாவும் ஒரே பொதியாக விற்பனைக்கு வருகின்றன. இதனையே உதிரிப்பாகத் தொகுதி என்கின்றோம். மரத்துண்டு இரண்டாக அறுக்கப்பட்டு, நடுவே துளையிடப்பட்டு, துளையினுள் பித்தளைக் குழாய் பசையிட்டு ஒட்டப்படும். பின்னர் அதன் இரு முனைகளும் செங்கோணமாகச் சீவப்படும். அளவு வளையங்களுக்கிடையே கடைசற்பொறியில் ஏற்றி உளியால் கடைந்து, அரத்தாளால் தேய்த்து மெருகிட்டபின், உலோகப் பாகங்கள் குழாயின் வாய்களில் அழுத்திச் செருகப்படும்.

இவ்வாறு அழுத்திச் செருகிய பாகத்தைப் பழுதின்றிக் கழற்றுவது கடினம். மரத்தின் மெருகு மங்கினால் மீண்டும் மெருகிடலாம். கிளிப்பின் முலாம் உரிந்தாலோ, மூடியின் புரி தேய்ந்தாலோ, பல வேளைகளில் முழுப்பேனையையுமே கைவிட நேரிடும். ஆகவே தொகுதியைத் தெரிவு செய்வது பேனையின் ஆயுளைத் தெரிவு செய்வதாகும்.

றோலர்போல் என்பது யாது?

நாம் நாள்தோறும் கையாளும் குமிழ்முனைப் பேனையே ஓர் அகதியின் ஆக்கம் என்பது எம்மவருட் பலர் அறியாத செய்தி. ஹங்கேரியப் பத்திரிகையாளரான லாஸ்லோ பீரோ 1899ஆம் ஆண்டு புடாபெஸ்ற் நகரில் பிறந்தவர். இரசாயனம் அறிந்த தம் சகோதரர் ஜோர்ஜுடன் இணைந்து, தடித்த மையைச் சுழலும் சிறு குமிழொன்றினால் தாளில் ஏற்றும் முறையை அவர் உருவாக்கினார். யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் 1938இல் ஹங்கேரியில் நடைமுறைக்கு வர, நாட்டை விட்டு வெளியேறிப் பாரிஸ் சென்றார். அங்கிருந்து ஆர்ஜென்ரீனாவில் தஞ்சமடைந்து, 1943இல் அந்நாட்டிற் காப்புரிமை பெற்றார். அவர் பிறந்த செப்ரெம்பர் 29ஆம் நாளை ஆர்ஜென்ரீனா கண்டுபிடிப்பாளர் தினமாகக் கொண்டாடுகின்றது. பிரித்தானியரோ குமிழ்முனைப் பேனையை இன்றும் "பைரோ" என்றே அழைக்கின்றனர்.

றோலர்போல் பேனையும் அதே குமிழின் வழிவந்ததே. வேறுபாடு மையில் உள்ளது. குமிழ்முனைப் பேனையில் இருப்பது எண்ணெய்ப் பசை போன்ற மை. றோலர்போலில் இருப்பதோ நீரை அடிப்படையாகக் கொண்ட மெல்லிய மை. ஊற்றுப்பேனையைப் போல் அழுத்தமின்றி வழுக்கிச் செல்வதனால் நீண்டநேரம் எழுதுபவரின் விரல்கள் களைப்பதில்லை.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மூடாமல் வைத்தால் முனை உலர்ந்துவிடும். மை விரைவில் தீரும். எழுத்து உலரச் சற்று நேரம் எடுப்பதால் இடக்கையால் எழுதுவோரின் கையில் மை படியும். பிரதிக்காக அழுத்தி எழுதவேண்டிய படிவங்களுக்கும் இது ஏற்றதன்று. பேனையைப் பெறப்போகும் ஒருவர் மூடியைத் திறந்தபடியே விட்டுவிடும் வழக்கமுடையவராயின், அவருக்குத் திருகு பொறியுள்ள குமிழ்முனைத் தொகுதியே பொருத்தமானது.

முதலாவது கேள்வி: றீபில் எங்கே கிடைக்கும்?

தொகுதியின் அழகைப் பார்க்கும் முன்னர், அதனுள் எந்த அளவு றீபில் பொருந்தும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பல நிறுவனங்களும் பொதுவாகத் தயாரிக்கும் றோலர்போல் றீபில் அளவு ஒன்று உண்டு. ஜேர்மனியின் ஷ்மிட் நிறுவனம் தயாரிக்கும் 888, 5888 ஆகியன அவ்வகையைச் சேர்ந்தவை. இவ்வகை பொருந்தும் தொகுதியே பாதுகாப்பானது. பொதியுடன் வரும் றீபில் பெரும்பாலும் சாதாரணமானது. அதை மாற்றி நல்லதொன்றை இட்டுக் கொடுப்பது பேனையின் மதிப்பை உயர்த்தும்.

எமது குடும்பங்கள் ஒரே ஊரில் இல்லை என்பதை இங்கு நினைவிற் கொள்வோம். லண்டனிற் கடைந்த பேனை ரொறன்ரோவிலோ, ஒஸ்லோவிலோ, யாழ்ப்பாணத்திலோ பயன்படக்கூடும். விற்பனையாளர் ஒருவரிடம் மாத்திரமே கிடைக்கும் றீபிலை நம்பிய பேனை, அவர் கடையை மூடும் நாளில் மேசை அலங்காரப் பொருளாகிவிடும். பேனையுடன் இரண்டு றீபில்களையும், அதன் பெயரும் இலக்கமும் எழுதிய சிறு தாளையும் வைத்து அனுப்புவது நல்ல வழக்கம்.

ஆவணங்களில் ஒப்பமிடுவோருக்கு இன்னொன்றும் முக்கியம். நீர் மையாற் போடப்பட்ட கையொப்பம் சில வேளைகளில் ஈரம் பட்டதும் கரைந்து பரவும். றோலர்போல் மைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14145 என்னும் சர்வதேசத் தரநிர்ணயத்தின் இரண்டாம் பகுதி, ஆவணப் பயன்பாட்டுக்குரிய மைகளைப் பற்றியது. நீர், ஒளி, அழித்தல் போன்றவற்றைத் தாங்கும் சோதனைகள் அதில் வகுக்கப்பட்டுள்ளன. டி, ஓ, சி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் அத்தர இலக்கத்துடன் குறிக்கப்பட்ட றீபிலையே தெரிவு செய்யவேண்டும்.

இரண்டாவது: புரியும் மூடியும்

மூடி ஒவ்வொரு நாளும் பலமுறை திறக்கப்படும். புரிகள் பிளாஸ்ரிக்காக இருந்தால் காலப்போக்கில் தேய்ந்து, மூடி தளரும். தளர்ந்த மூடி முனையை உலரவிடும். ஆகவே உலோகத்தில் வெட்டப்பட்ட புரியுள்ள தொகுதியே மேலானது. சில தொகுதிகளில் மூன்று தொடக்கங்கள் கொண்ட புரி அமைக்கப்பட்டிருக்கும். அவற்றின் மூடி மிகக் குறைந்த சுற்றிலேயே திறந்துகொள்ளும். எழுதும்போது மூடியைப் பின்முனையிற் செருகவோ திருகவோ இடமுண்டா என்பதையும் கவனிக்கவேண்டும். அவ்வசதி இல்லாத பேனையில் மூடி தொலைவதற்கு இடமுண்டு. உள்ள பேனையிலோ பின்பக்கம் பாரமாகி எழுத்துச் சமநிலை குலைவதும் உண்டு. இயலுமாயின் முடிவுற்ற மாதிரி ஒன்றைக் கையிற் பிடித்து நாலு வரி எழுதிப் பார்ப்பதே சிறந்தது.

பல தொகுதிகளில் றோலர்போல் முன்பாகத்தைத் திருகி எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஊற்றுப்பேனை முன்பாகத்தைப் பொருத்தலாம். இவ்விரு வடிவிலும் வெளிவரும் தொகுதியை வாங்கினால், பெறுபவரின் விருப்பம் மாறினாலும் பேனை வீணாகாது.

மூன்றாவது: முலாம்

விலைப்பட்டியலில் "24 கரட் தங்க முலாம்" என்பதைக் கண்டு மயங்குதல் இயல்பு. ஆனால் தூய தங்கம் மென்மையானது. கைவியர்வையும் சட்டைப்பையின் உராய்வும் சேர, கிளிப்பிலும் விரல்படும் முன்பாகத்திலும் அது முதலில் தேயும். பொன்னிறமே வேண்டுமென்போர் ரைற்றேனியம் நைத்திரைட்டுப் பூச்சுள்ளதை நாடலாம். அது மிகக் கடினமானது. வெண்ணிறத்தில், பிளாற்றினக் குடும்பத்தைச் சேர்ந்த றோடியம் மங்காத ஒளியுடையது. விலையும் அதற்கேற்ப உயரும். குரோமிய முலாம் விலை குறைந்தது, உறுதியானது. முதல் பேனைக்கு அதுவே தக்கது. கறுப்பு நிறத்தை விரும்புவோர், வர்ணம் பூசப்பட்டதா, ரைற்றேனியப் பூச்சா என்று கேட்டு வாங்கவேண்டும்; வர்ணம் சிறுசிறு துண்டாகப் பெயரக்கூடியது.

நான்காவது: கருவிச் செலவு

தொகுதியின் விலை மாத்திரம் செலவன்று. மெல்லிய குமிழ்முனைப் பேனைக்கு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர்த் துளை ஒன்றே போதும். றோலர்போலிலோ மூடிக்கு ஓர் அளவு, உடலுக்கு இன்னோர் அளவு எனப் பெரும்பாலும் இரு துறப்பண அலகுகள் வேண்டும். அளவு வளையங்களும் அந்தந்தத் தொகுதிக்கெனத் தனித்தனியானவை. ஐந்து பேனைகளுக்கு ஐந்து வகைத் தொகுதி வாங்குபவர் ஐந்து தடவை கருவிக்கும் பணம் கொடுக்கிறார். ஒரே வகையைத் தெரிவு செய்து, அதிலேயே கை பழகுவது சிக்கனம், வேலையும் திருந்தும்.

துளையின் அளவு மரத்தையும் கட்டுப்படுத்துகின்றது. 20 மில்லிமீற்றர்ச் சதுரத் துண்டில் 12.5 மில்லிமீற்றர்த் துளையிட்டால், கடையுமுன்னரே ஒவ்வொரு பக்கத்திலும் நாலு மில்லிமீற்றர் கூட எஞ்சாது. கடைந்து முடிந்தபின் மரச்சுவர் பல தொகுதிகளில் ஒரு மில்லிமீற்றரளவே இருக்கும். துளை சற்று விலகினாலும் மரம் வெடித்துவிடும். எனவே முதன்முறை கடைபவர், நடுத்தரப் பருமனுள்ள தொகுதியையும் நன்கு உலர்ந்த, இறுக்கமான சாதாரண மரத்தையும் கொண்டு தொடங்குதல் நன்று.

எமது பனையும் அங்குண்டு

மேலைநாட்டுப் பேனைமரக் கடைகளில் "பிளக் பாம்" என்ற பெயரில் விற்கப்படும் கருநிறக் கோடுகளுள்ள துண்டு வேறெதுவுமன்று. எமது பனையின் வைரமே அது. கருமையான கடின நார்கள் மென்மையான சோற்றுப் பகுதியிற் புதைந்திருப்பதால், உளி பட்டதும் நார் பிய்ந்து வருதல் அதன் இயல்பு. நீர்த்தன்மையுள்ள சுப்பர் குளூவை ஊறவிட்டு இறுக்கி, கூரான உளியால் மெல்ல மெல்லச் சீவவேண்டும். மெல்லிய பேனையில் அதன் கோலம் தெரியாது. றோலர்போலின் பருத்த உடலிலேயே நார்கள் கோடாகவும் புள்ளியாகவும் எடுப்பாகத் தோன்றும். பனையைக் கடைய எண்ணுவோர் அதற்கு ஒரு நல்ல தொகுதியை ஒதுக்கிவைத்து, சாதாரண மரத்தில் மூன்று நான்கு பேனைகள் செய்து பழகியபின் தொடங்குவார்களாக.

எங்கே பழகுவது?

கடைசற்பொறியைச் சொந்தமாக வாங்கவேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவில் 1990களில் தொடங்கிய "மென்ஸ் ஷெட்" என்னும் சமூகப் பட்டறைகள் பிரித்தானியா, அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளிலும் பரவியுள்ளன. பிரித்தானியாவில் அவற்றுக்கான சங்கம் 2013இல் அமைக்கப்பட்டது. இவற்றுட் பலவற்றில் கடைசற்பொறியும் சொல்லிக்கொடுக்க ஆட்களும் உண்டு. பெண்களை வரவேற்கும் பட்டறைகளும் உண்டு. வழக்கின் முடிவை எதிர்பார்த்து, வேலை செய்ய அனுமதியின்றி நாட்களை எண்ணிக்கொண்டிருப்போருக்கு, வாரத்தில் ஒருநாள் கைக்கு வேலையும் பேச்சுக்குத் துணையும் கிடைப்பது சிறிய நன்மையன்று. முகக்கவசமும் தூசு வடிகட்டியும் அணியாமலும், தொங்கும் உடையுடனும் பொறியை அணுகலாகாது.

ஓர் எச்சரிக்கை. அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. வேலை அனுமதி இல்லாத ஒருவர் தாம் கடைந்த பேனையை விற்பது சுயதொழிலாகக் கருதப்பட்டு, அவரது வழக்குக்கே இடையூறாகலாம். விற்க எண்ணுவோர் முன்கூட்டியே தமது சட்டத்தரணியிடம் கேட்டறிதல் கட்டாயம்.

சுருங்கக் கூறின், எங்கும் கிடைக்கும் றீபில், உலோகப் புரி, தேயாத முலாம், கைக்கு ஏற்ற பருமன் ஆகிய நான்கும் உறுதியான பின்னரே மரத்தைத் தேடிச் செல்லவேண்டும். இப்பேனையால் ஒப்பமிடப்போவது எமது பிள்ளைகளாக இருக்கலாம். அவர்களின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அதுவரை தாங்கக்கூடிய பொருளாக அதை ஆக்கிக் கொடுப்பது எமது பொறுப்பு.