தன்னுரிமை ஒளிப்பதிவாளரின் ஊதியம் பேசும் முறை

மாதச் சம்பளத்துக்கு ஓர் இடத்தில் இல்லாமல், வேலைக்கு வேலை ஊதியம் பேசிப் படம்பிடிப்பவர் தன்னுரிமை ஒளிப்பதிவாளர் ஆவார். பேச்சு வழக்கில் இவரை ஃப்ரீலான்ஸ் கேமராமேன் என்பர். படம்பிடிக்கும் திறமை இருந்தும் ஊதியம் பேசத் தெரியாமல் இத்தொழிலை விட்டுப் போனவர்கள் பலர்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் நாவலூரைச் சுற்றி இவர்களுக்கு மூவகை வேலை கிடைக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையிலும் சிறுசேரி சிப்காட் வளாகத்திலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களின் நிகழ்ச்சிகளும் விளம்பரப் படங்களும் ஒரு வகை. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கடற்கரை விடுதிகளில் நடக்கும் திருமணங்கள் இன்னொரு வகை. மூன்றாவது சினிமா. தெற்கே பையனூரில் திரைப்படத் தொழிலாளர்களுக்கென அரசு ஒதுக்கிய நிலமும் படப்பிடிப்புத் தளமும் உள்ளன. இம்மூன்றில் சினிமாவில் மட்டுமே, இதற்குக் கீழே ஊதியம் போகக்கூடாது என்ற வரையறை கூட்டாகப் பேசி முடிவாகிறது.

சினிமாவில் வந்த வரையறை

அந்த வரையறை தானாக வந்துவிடவில்லை. வங்காளத்தில் 1950 இல் ‘சின்னமூல்’ படத்தை இயக்கிய நிமாய் கோஷ், பின்னர் சென்னையில் குடியேறி ஒளிப்பதிவாளராகப் பணியாற்றினார். தமிழில் ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தை இயக்கியவரும் இவரே. இவரும் அப்படத்தின் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசனும் திரைப்படத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியதில் முன்னின்றவர்கள். அந்த முயற்சியில் உருவானதே தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம், அதாவது பெப்சி. தமிழ்த் திரையுலகில் தொழிலாளர் ஒற்றுமைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் என்பது இன்றைய இளம் ஒளிப்பதிவாளர்கள் பலருக்குத் தெரியாது.

படத்தின் முதன்மை ஒளிப்பதிவாளர் தம் சம்பளத்தைத் தனியே பேசிக்கொள்கிறார். குழுவில் உள்ள மற்றவர்களுக்கான ஊதியம், கால்ஷீட் நேரம், நேரம் மீறினால் தரவேண்டிய தொகை, பேட்டா ஆகியவற்றைச் சங்கங்களும் தயாரிப்பாளர்களும் பேசி முடிவு செய்கிறார்கள். இதில் உரசலும் உண்டு. 2015 இலும் 2017 ஆகஸ்டிலும் ஊதியத் தகராறால் படப்பிடிப்புகள் நின்றன.

திருமண மண்டபத்திலும் நிறுவன அரங்கிலும் நிற்கும் ஒளிப்பதிவாளருக்கு இத்தகைய சங்கத் துணை இல்லை. ஆனால் கால்ஷீட், கூடுதல் நேரம், பேட்டா என்று பிரித்துப் பேசும் முறையை அவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளின் விலை

“ஒரு நாளைக்கு எவ்வளவு?” என்பதே முதல் கேள்வியாக வரும். பக்கத்து ஸ்டுடியோ கேட்பதில் ஆயிரம் குறைத்துச் சொல்வது எளிது, ஆனால் அந்த ஸ்டுடியோவும் கணக்குப் பார்த்துத்தான் சொன்னதா என்பது யாருக்கும் தெரியாது. சொந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டு வைப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவருக்கு ஆண்டில் 100 நாள் படப்பிடிப்பு கிடைக்கிறது. குடும்பத்துக்கு மாதம் ரூ. 40,000 வேண்டும் என்றால் ஆண்டுக்கு ரூ. 4,80,000. அதை 100 ஆல் வகுத்தால் அவருடைய உழைப்புக்கு நாளொன்றுக்கு ரூ. 4,800. கேமராவும் லென்சும் சேர்த்து ரூ. 3,00,000 என்றும் மூன்றாண்டுகள் உழைக்கும் என்றும் வைத்தால், 300 நாட்களுக்கு நாள் ஒன்றுக்கு ரூ. 1,000. ஆக ரூ. 5,800 க்குக் கீழே போனால் கைக்காசு கரைகிறது. உதவியாளர் கூலி, வண்டி, விளக்கு வாடகை, படத்தொகுப்பு எல்லாம் இதற்கு மேல். இது சந்தை விலை அன்று. கணக்குப் போடும் வழி மட்டுமே. நாவலூர் சுங்கச்சாவடியில் கட்டணம் 2023 அக்டோபரில் நின்றது. பெட்ரோல் செலவு நிற்கவில்லை.

உழைப்பையும் கருவியையும் தனித்தனி வரியாக எழுதுவதில் ஒரு பயன் உண்டு. வாடிக்கையாளர் குறைக்கச் சொன்னால், “இரண்டாவது கேமராவை எடுத்துவிடலாம்” என்று வேலையைக் குறைத்துத் தொகையைக் குறைக்க முடியும். மொத்தமாகச் சொன்ன தொகையில் அப்படிக் குறைக்க இடமில்லை, உழைப்புதான் தேயும்.

திருமண வேலையில் நாள் என்ற சொல்லே ஏமாற்றும். முதல் நாள் மாலை வரவேற்பு இரவு பதினொன்று வரை நீளும். மறுநாள் முகூர்த்தம் அதிகாலை நாலரை மணிக்கு இருக்கலாம். வீட்டார் இதை ஒரு கல்யாணம் என்பர், ஒளிப்பதிவாளருக்கு அது இரண்டு கால்ஷீட். ஆடியிலும் மார்கழியிலும் வேலை இராது, தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்கள் நெருக்கிக்கொண்டு வரும். ஆகவே வேலையில்லாத மாதங்களையும் சேர்த்தே மேற்கண்ட 100 நாள் எண்ணப்பட வேண்டும்.

எழுத்தில் வைப்பது

நேரம், தொகை, முன்பணம், மீதி தரும் நாள், எத்தனை முறை திருத்தித் தரவேண்டும் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒப்புதல் பெறுவது போதுமான தொடக்கம். மாமல்லபுரத்தின் தொல்லியல் சின்னங்களில் வணிக நோக்கில் படம்பிடிக்க இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அதை யார் வாங்குவது, கட்டணம் யாருடையது என்பதும் அப்பக்கத்தில் இருக்க வேண்டும்.

பதிப்புரிமையைப் பலர் கவனிப்பதில்லை. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொள்ளப் பணம் பெற்று எடுத்த புகைப்படத்துக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துக் கேட்டவரே முதல் உரிமையாளர். தம் வேலையை மாதிரிக்காகக் காட்டும் உரிமை வேண்டுமானால் முன்பே எழுதி வாங்க வேண்டும். தொகுக்காத மூலப் பதிவு முழுவதையும் ஹார்டு டிஸ்கில் கேட்பவர்களிடம் அதற்குத் தனித் தொகை பேசலாம்.

திரைப்படத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அமர்த்தக் கூடாது என்று 1981 ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு விளம்பரப் படங்களையும் இணையத் தொடர்களையும் சேர்த்துக்கொண்டுள்ளது. ஆனால் அரசு அறிவிக்கும் ஊதிய வரம்புக்கு உட்பட்டவர்களுக்கே அது பொருந்தும்.

பணம் வராதபோது

நிறுவன வேலையில் குறைந்த தொகையை விடப் பெரிய தொல்லை, பேசிய தொகை நாலைந்து மாதம் இழுபடுவது. இதற்கு 2006 ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உதவுகிறது. தனியொருவரும் தம் ஒளிப்பதிவுத் தொழிலைக் குறுநிறுவனமாக ‘உத்யம்’ தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். வேலையை ஏற்பதற்கு முன்பே பதிவு இருப்பது பாதுகாப்பானது; பில்லில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும், இல்லாவிட்டால் 15 நாட்களிலும் பணம் வரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். 2023 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் தந்தது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரை நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு இதை நினைவூட்டி ஒரு கடிதம் எழுதினால் பதில் விரைவில் வர வாய்ப்புண்டு.

அதற்கும் அசையாதவர்கள் மீது இணையதளம் வழியாக மாநில வசதியாக்க மன்றத்தில் புகார் கொடுக்கலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் நிறுவனம், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டிவிட்டே செல்ல வேண்டும்.