நீருக்குள் ஒரு குடை

வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் பாடசாலை விட்டால் நாங்கள் குடையை விரிக்கிறோம். குடை இல்லாதவர்கள் மர நிழலோரமாக நடக்கிறார்கள். ஏரி நீரில் மிதந்து வாழும் ஒரு மில்லிமீற்றர் உடம்புக்கு மரமும் இல்லை, குடையும் இல்லை. உயிரியல் ஆய்வுகூடத்தில் குளத்து நீர்த்துளி ஒன்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, தப்னியா என்னும் நீர்த்தெள்ளின் இதயம் துடிப்பதும் அதன் குடலில் பச்சை அல்கா நகர்வதும் வெளியிலிருந்தே தெரிந்தன. இவ்வளவு தூரம் ஒளி ஊடுருவும் உடம்பு, சூரியனின் கழியூதாக் கதிர்களை எப்படித் தாங்குகிறது? அதைத் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

கழியூதாக் கதிர்களில் 280 முதல் 315 நனோமீற்றர் வரை அலைநீளம் கொண்டவை மிகவும் பொல்லாதவை. டி.என்.ஏ. மூலக்கூறு அவற்றை நேரடியாக உறிஞ்சுகிறது. அப்போது அருகருகே இருக்கும் இரண்டு தைமீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கலம் தன் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும்போது அந்த இடத்தில் தடுமாறும். சேதம் மிகுந்தால் இறந்துவிடும்.

எமது குளங்களில் இந்த ஆபத்து அவ்வளவு இல்லை. உக்கிய இலைகுழைகளின் சாயம் நீரைத் தேநீர் போல் நிறமாக்கி, கழியூதாவை மேலேயே உறிஞ்சிவிடும். மிதக்கும் சேறும் அல்காவும் மிச்சத்தை மறைக்கும். (கலங்கிய நீருக்கும் ஒரு நன்மை உண்டு போலும்!) உண்மையான சோதனை மலையுச்சித் தெளிநீரில்தான். ஒஸ்திரியாவின் அல்ப்ஸ் மலையில் 2,417 மீற்றர் உயரத்தில் கோசென்கொல்லசே என்றொரு சிறிய ஏரி உண்டு. ஆயிரம் மீற்றர் ஏறினால் கழியூதா ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஏரியின் ஆழமோ பத்து மீற்றர் அளவுதான். நீரும் பளிங்கு போன்றது. அங்கே வாழும் சைக்கிளொப்ஸ் வகை கோபிபொட் ஒன்று செந்நிறமானது.

அந்தச் சிவப்பு, கரற்றினொயிட் நிறப்பொருள்களால் வருவது. அவற்றுள் முக்கியமானது அஸ்டசாந்தின். உம்மா இறாலை அவிக்கும்போது அது சிவந்து வருகிறதே, அதே பொருள்தான். இது கதிரைத் தடுக்கும் திரை என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். அதன் வேலை வேறு. கதிர் பட்டதும் கலத்துக்குள் உருவாகும் தீவிர ஒட்சிசன் வகைகளை அது அடக்கிவிடுகிறது. கதிரையே உறிஞ்சும் மெய்யான திரை, மைக்கொஸ்போரின் போன்ற அமினோ அமிலங்கள். அவை எமது கண்ணுக்கு நிறமற்றவை. இந்த விலங்குகளால் இரண்டில் எதையும் அடிப்படையிலிருந்து தாமே ஆக்க முடியாது. உண்ணும் அல்காவிலிருந்துதான் பெறவேண்டும். குடையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குகின்றன என்று சொல்லலாம்.

தப்னியாவின் வழி பெரும்பாலும் ஓட்டம். அதன் கண் கழியூதாவையும் உணரும். உணர்ந்ததும் கீழே நீந்தும். பகலில் இறங்கி இரவில் ஏறும் இந்தப் பயணம் மீனுக்குப் பயந்துதான் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் மீனே இல்லாத தெளிந்த ஏரிகளிலும் அவை பகலில் இறங்குகின்றன. அடியில் நீர் குளிர்ந்தது. குளிரில் வளர்ச்சியும் முட்டை விருத்தியும் தாமதமாகும். வடதுருவப் பகுதிக் குட்டைகள் ஆழமற்றவை. அங்கு இறங்க இடமில்லை. அங்குள்ள தப்னியாக்கள் சில, மெலனினால் கறுத்த ஓடு பூணுகின்றன. ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் அந்த மெலனினும் வீணாகப் போகிறது.

எவ்வளவு காத்தாலும் கொஞ்சம் சேதம் வரத்தான் செய்யும். அதைத் திருத்த போட்டோலைஸ் என்றொரு நொதியம் உண்டு. அது நீல ஒளியையும் நீண்ட அலைநீளக் கழியூதாவையும் வாங்கி, ஒட்டிய தைமீன்களை மீண்டும் பிரிக்கிறது. கெடுத்த சூரியனே திருத்துவதற்கும் சக்தி கொடுக்கிறது! 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட துருக்கியில் பிறந்த விஞ்ஞானி அசிஸ் சன்சார், இந்த நொதியத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். மனிதரிடம் இது இல்லை. எமது கலங்கள் வேறு வழியில் திருத்துகின்றன. ஆனால் குளிர்ந்த நீரில் நொதியம் மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே மலை ஏரி உயிர்கள் திருத்தத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, சிவப்பு வேண்டும்.

அந்தச் சிவப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. தெளிந்த நீரில் சிவந்த உடம்பு மீனின் கண்ணில் பட்டெனத் தெரியும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் லார்ஸ் அன்டர்ஸ் ஹான்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மீனின் அறிகுறி நீரில் இருந்தால் கோபிபொட்டுகள் நிறத்தைக் குறைக்கின்றன. மீனின்றிக் கழியூதா மிகுந்தால் கூட்டுகின்றன. மூளை என்று சொல்லத்தக்கது அணுவளவே உள்ள உயிர் இரண்டு ஆபத்துகளையும் நிறுத்துப் பார்க்கிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்கவைத்தது.

ஆனால் நிறுத்துப் பார்க்க அவகாசம் வேண்டுமே. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் ஸ்னோஃபிளேக் என்னும் மலை ஏரி உண்டு. இயற்கையில் அதில் மீன் கிடையாது. 1960களில் தூண்டில்காரர்களுக்காக அதில் ட்ரவுட் மீன்களை விட்டார்கள். அங்கு வாழ்ந்த பெரிய சிவப்புக் கோபிபொட் இனம் அடியோடு அழிந்தது. பின்னர் மீன்களும் இல்லாமற் போயின. அப்போதும் அந்தக் கோபிபொட் தானாகத் திரும்பி வரவில்லை. 1992இல் ஆய்வாளர்கள் வேறோர் ஏரியிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து விட்டபிறகே அந்தச் சிவப்பு மீண்டும் அங்கே பெருகியது.