பழைய ஏர் கம்ப்ரஸர்: 14,000 ரூபாய் மெஷின் 21,400 ஆகிற கணக்கு

கார் ஷெட்லயோ மொட்டை மாடி ரூம்லயோ சின்னதா ஒரு பட்டறை போடணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு இந்தப் பதிவு. மரவேலை, பைக் வேலை, பெயிண்டிங் எதுவா இருந்தாலும் கொஞ்ச நாள்ல ஒரு ஏர் கம்ப்ரஸர் தேவைப்படும். புதுசு விலையைப் பார்த்ததும் அடுத்து என்ன தோணும்? ஒண்ணு இஎம்ஐ, இல்லன்னா செகண்ட் ஹேண்ட்.

முதல்ல இஎம்ஐ. 30,000 ரூபாய் மெஷினை 16% வட்டியில கிரெடிட் கார்டுல 12 மாசத்துக்கு மாத்தினா மாசம் சுமார் 2,722 ரூபாய். வட்டி மட்டும் 2,664. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அது ஒரு 480. பிராசஸிங் ஃபீஸ் இன்னும் சேர்க்கலை, அதுக்குள்ளயே 33,100-ஐத் தாண்டிடுச்சு. "நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே ப்ரோ"ன்னு கேட்பீங்க. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டியை யாரோ கட்டுறாங்க, பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய டிஸ்கவுன்ட்தான் அது.

சரி, செகண்ட் ஹேண்டுக்கு வருவோம். இந்த விஷயத்துல கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறவங்க கொடுத்து வச்சவங்க. மோட்டார், பம்ப், கம்ப்ரஸர் எல்லாம் தயாராகிற ஊர் அது. எல்ஜி கம்பெனி 1960-ல ஆரம்பிச்சது அங்கதான். அதனால கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ரிங் மாத்த, மோட்டார் ரீவைண்டிங் பண்ண, லேத் வேலைக்கு ஆள் கிடைக்கிறது சுலபம். மத்த ஊர்க்காரங்க உங்க ஊர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் விசாரிங்க. பஞ்சர் கடை, டூ வீலர் சர்வீஸ் சென்டர், பெயிண்டிங் ஷாப் மூடும்போதோ பெரிய மெஷினுக்கு மாறும்போதோ பழசு வெளியே வரும்.

ஆனா உங்களுக்கு எவ்வளவு காத்து வேணும்னு தெரியாம கிளம்பாதீங்க. டயருக்குக் காத்தடிக்க, தூசி ஊத, சின்ன ஆணி அடிக்கிற நெய்லருக்கு 1, 2 சிஎஃப்எம் போதும். அதுக்கு 24 லிட்டர் சின்ன மெஷின் புதுசாவே வாங்கிடுங்க, பழசு தேடி அலையற பெட்ரோல் செலவுகூட மிச்சம். ஸ்ப்ரே கன், ஏர் சாண்டர்னா கதை வேற. நல்ல ஹெச்விஎல்பி கன் 8-லிருந்து 12 சிஎஃப்எம் வரைக்கும் கேட்கும். 2 ஹெச்பி பெல்ட் மெஷின்ல விட்டு விட்டுத்தான் அடிக்க முடியும். வீட்டுக்கு ஒரு கதவு, ரெண்டு ஜன்னல் பெயிண்ட் பண்றவங்களுக்கு அது தாராளம்.

இப்ப மெஷின் முன்னாடி நிக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. கடைக்காரர் ஸ்விட்சைப் போடுறதுக்கு முன்னாடி ஹெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கார். ஆறின மெஷின் ஸ்டார்ட் ஆகுதான்னுதான் நாம பார்க்கணும். "இப்பத்தானுங்க தம்பி ஒருத்தருக்கு ஓட்டிக் காமிச்சேன்"னு சொன்னா, "டீ குடிச்சிட்டு வர்றேங்கண்ணா, ஆறட்டும்"னு சொல்லிட்டு நகருங்க.

மோட்டார் பிளேட்டை கட்டாயம் படிங்க. பட்டறையில ஓடினது நிறைய த்ரீ ஃபேஸ், 415 வோல்ட். உங்க வீட்டுல சிங்கிள் ஃபேஸ்தான்னா மோட்டாரையே மாத்தணும், மலிவா வாங்கினதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

அடுத்து போனை எடுத்து ஸ்டாப்வாட்ச் போடுங்க. டேங்கை முழுசா காலி பண்ணச் சொல்லி, பூஜ்யத்திலிருந்து 8 பார் வர எத்தனை நிமிஷம்னு பாருங்க. 160 லிட்டர் டேங்க்னா 160 × 8 = 1,280 லிட்டர் காத்து. ஆறரை நிமிஷத்துல நிரம்பினா நிமிஷத்துக்கு 197 லிட்டர். 28.3-ஆல வகுத்தா ஏறக்குறைய 7 சிஎஃப்எம், 2 ஹெச்பிக்கு அருமையான மெஷின். அதே டேங்க் 12 நிமிஷம் எடுத்தா 3.8-தான் வருது. ரிங்கோ வால்வு பிளேட்டோ போயிருக்கு. இந்த ஒரு கணக்கை அவர் முன்னாடியே போட்டுக் காமிங்க, விலை தானா இறங்கும்.

மோட்டார் நின்னதும் புஸ்ஸுனு ஒரு சத்தம் வந்து அடங்கும், அது சரிதான். சத்தம் நிக்காம வந்துக்கிட்டே இருந்தா என்ஆர்வி லீக். அது சின்னச் செலவு, பயப்பட வேண்டாம். ஆயில் பால் மாதிரி வெள்ளையா இருந்தா உள்ள தண்ணி கலந்திருக்கு. வெளியே வர்ற காத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைப் பேப்பரைப் பிடிச்சா ஆயில் புள்ளி விழுதான்னு தெரிஞ்சிடும்.

இதெல்லாம் காசு விஷயம். டேங்க் உயிர் விஷயம். காத்தை அழுத்தும்போது அதுல இருக்கிற ஈரம் தண்ணியா மாறி டேங்க் அடியில தங்கும். வருஷக்கணக்கா யாரும் டிரெயின் பண்ணலைன்னா உள்பக்கத்திலிருந்து துரு அரிச்சுக்கிட்டே வரும். வெளியே பளபளன்னு புது நீல பெயிண்ட் இருக்கும். எனக்கென்னவோ புது பெயிண்ட் அடிச்ச பழைய டேங்கைப் பார்த்தாலே சந்தேகம்தான். அடியில இருக்கிற டிரெயின் காக்கைத் திறங்க. காபி டிகாஷன் மாதிரி தண்ணியும் துருச் செதிலும் கொட்டினா கிளம்பிடுங்க.

பார்க்க நல்லா இருந்தாலும் ஹைட்ரோ டெஸ்ட் பண்ணாம வீட்டுல ஓட்டாதீங்க. டேங்க் முழுக்க தண்ணி நிரப்பி, காத்து கொஞ்சமும் இல்லாம, கைப்பம்ப்ல ஓடுற பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு ஏத்திப் பார்க்கிறது. 8 பாருக்கு 12 பார். தண்ணி அழுத்தத்துல சுருங்காது, அதனால டேங்க் விட்டுப்போனாலும் தண்ணி பீச்சும், அவ்வளவுதான். அதே இடத்துல காத்து இருந்தா அது வெடிகுண்டு. ஃபேக்டரிகளுக்கு 1948 தொழிற்சாலைச் சட்டத்துல இதுக்குன்னே 31-வது பிரிவு இருந்துச்சு. உங்க கார் ஷெட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். ஓட்டை விழுந்த டேங்கை "பத்த வச்சுத் தர்றேங்க"ன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுடுங்க. ஒரு இடத்துல ஓட்டைன்னா சுத்தி இருக்கிற தகடும் மெலிஞ்சுதான் இருக்கும்.

இப்ப பட்ஜெட். இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்க ஊர்ல எண்கள் மாறும். மெஷின் 14,000. வண்டி வாடகை 800. ரிங் செட், கேஸ்கட் 1,200. வால்வு பிளேட் 900. பிரஷர் ஸ்விட்ச், என்ஆர்வி, சேஃப்டி வால்வு, மீட்டர் சேர்த்து 1,800. கம்ப்ரஸர் ஆயில், ஃபில்டர் 500. ஹைட்ரோ டெஸ்ட் 700. மெக்கானிக் கூலி 1,500. மொத்தம் 21,400. புதுசு 30,000-னா 8,600 மிச்சம். மோட்டார் ரீவைண்டிங் 3,500 சேர்ந்தா மிச்சம் 5,100-ஆ குறையும். டேங்க் மாத்தணும்னா மிச்சமே இருக்காது. அதனால புதுசு விலையில பாதிக்கு மேல பழசுக்குக் கொடுக்காதீங்கன்னு சொல்வேன். அட்வான்ஸ் கொடுக்கிறதா இருந்தா "ஹைட்ரோ டெஸ்ட்ல ஃபெயில் ஆனா காசு திரும்ப" அப்படின்னு வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கிக்கோங்க. ஒத்துக்காதவர்கிட்ட வாங்க வேண்டாம். ஆங், எமர்ஜென்சி ஃபண்டைத் தொட்டு இதை வாங்காதீங்க, போனஸ் வரட்டும்.

பழசு வாங்குறதுல இன்னொரு லாபம் இருக்கு. புது மெஷின் கடையை விட்டு வெளியே வந்ததுமே ஒரு நல்ல தொகை இறங்கிடும். ரிப்பேர் பார்த்து டெஸ்ட் ரிப்போர்ட்டோட வச்சிருக்கிற பழசு ரெண்டு வருஷம் கழிச்சும் அவ்வளவா இறங்காது. பில், ரிப்போர்ட் எல்லாம் ஒரு கவர்ல போட்டு வைங்க.

சேஃப்டி வால்வை மட்டும் ரிப்பேர் பண்ணாதீங்க, புதுசு போடுங்க. 2 ஹெச்பிக்கு 16 ஆம்ப் பிளக் பாயின்ட் வேணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகக் கூடாது. கரன்ட் பில்லைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, ஒரு மணி நேரம் விடாம ஓடினா ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல வரும். காத்து லைனுக்கு வீட்டுல மிச்சம் கிடக்கிற பிவிசி பைப்பைப் போடாதீங்க, அது விரிசல் விடாம நேரா சில்லு சில்லா உடைஞ்சு தெறிக்கும். ஜிஐ பைப் இல்லன்னா காத்துக்குன்னே வர்ற ரப்பர் ஹோஸ் போடுங்க. வேலை முடிஞ்சதும் தினமும் டிரெயின் காக்கைத் திறந்து தண்ணியை விட்டுடுங்க, அரை நிமிஷ வேலை.