குறைகுடமும் குட்டியானையும்

கோடை வந்துவிட்டால் குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையிலும், அதிலிருந்து பிரியும் கிராமச் சாலைகளிலும் தண்ணீர் வண்டிகள் பெருகிவிடுகின்றன. ‘குட்டியானை’ என்று மக்கள் பெயர் சூட்டிவிட்ட சிறிய சரக்கு வாகனத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் அதில்தான் தண்ணீர் போகிறது.

சென்ற கோடையில் அப்படியொரு வண்டியின் பின்னால் இருசக்கர வாகனத்தில் சென்றுகொண்டிருந்தேன். மதகுத் திருப்பத்தில் ஆடு குறுக்கே வர, ஓட்டுநர் சட்டென்று ஒடித்துத் திருப்பினார். வண்டி நிலைக்கு வந்துவிட்டது என்று நான் நினைத்த நொடியில் அது மறுபக்கம் சாய்ந்தது. ஒருபக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பி மீண்டும் அமர்ந்தன. இரண்டடி தள்ளி வாய்க்கால். இறங்கிவந்த இளைஞர் சொன்னார்: “ஃபுல்லா இருந்தாலும் பயமில்ல சார், காலியா இருந்தாலும் பயமில்ல. பாதி வித்தப்புறந்தான் வண்டி சொன்ன பேச்சு கேக்காது.”

நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும் என்ற பழமொழி முழுக்க முழுக்க இயற்பியல். விளிம்புவரை நிரம்பிய தொட்டியில் நீர் நகர இடமில்லை. பாதித் தொட்டியிலோ, வண்டி திரும்பும்போது நீர் ஒருபக்கம் ஏறி, பிறகு மறுபக்கம் பாய்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் இந்த அலை ஒருமுறை போய்வர ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வளைத்து நிமிர்த்தும் நேரமும் அதனோடு ஒத்துப்போனால், ஊஞ்சலை வாகாகத் தள்ளிவிட்டதுபோல ஆட்டம் பெருகும். மேலே ஆடுவது அரை டன் எடை என்பதை மறந்துவிடக் கூடாது.

இதைத் தடுக்கவே பெரிய டேங்கர் லாரிகளுக்குள் ‘பேஃபிள்’ எனப்படும் துளையிட்ட தடுப்புத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. நீளவாக்கில் கிடக்கும் தொட்டியை நடுவில் ஒரு சுவரால் முழுமையாகப் பிரித்தால், திடீரென பிரேக் பிடிக்கையில் நீரின் எடைமையம் முன்னால் நகரும் தூரம் நான்கில் ஒன்றாகக் குறையும். துளையிட்ட தகடு அந்த அளவுக்குத் தடுக்காவிட்டாலும் அலையின் வேகத்தை உறிஞ்சிவிடும். இதை அலட்சியம் செய்தால் ராக்கெட்டும் தப்பாது. 2007 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன்-1 சுற்றுப்பாதையை எட்டாமல் போனதற்கு, இரண்டாம் கட்டத்தின் தடுப்பில்லாத தொட்டியில் திரவ ஆக்சிஜன் அலைமோதியதே காரணம்.

அப்படியானால் ஒவ்வொரு தண்ணீர் வண்டிக்கும் தடுப்பு கட்டாயமா? அவசியமில்லை என்பதே என் கருத்து. நம் வண்டிகளில் இருப்பவை மொட்டைமாடிக்காக வார்க்கப்பட்ட தொட்டிகள். அவற்றுள் தகடு பொருத்துவது எளிதன்று. பொருத்தினாலும் மூலைகளில் பாசியும் வண்டலும் சேரும். மேலைநாடுகளில் பால் டேங்கர்கள் பலவற்றில் தடுப்பு வைக்காததற்கும் உள்ளே கழுவ வேண்டும் என்பதே காரணம்.

இதைவிடச் சிக்கனமான வழி உண்டு. 1,000 லிட்டர் தொட்டி ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய தொட்டிகள் இரண்டை வைத்து, ஒன்றைத் தீர்த்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். அப்போது எந்த நேரத்திலும் ஒரு தொட்டி மட்டுமே குறைகுடமாக இருக்கும். தொட்டிகளைத் தாழ்வாக வைத்துச் சட்டத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். கயிறு தளர்ந்துவிட்டால் எந்தத் தடுப்பும் பயன் தராது.

சுமையின் அளவும் முக்கியம். ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன். 2005இல் அறிமுகமான டாடா ஏஸ் வண்டியின் சுமைத்திறனோ முக்கால் டன்தான். அந்த இளைஞர் பயமில்லை என்று சொன்ன நிறைதொட்டியும் இவ்வகை வண்டிக்கு மிகைச் சுமையே.

தகுதிச் சான்றுக்காக வாகனத்தைப் பார்வையிடும் அதிகாரிகள் பிரேக்கையும் விளக்கையும் சோதிப்பதோடு, மேலே நிற்கும் தொட்டியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். வாய்க்கால் ஓரச் சாலைகளில் அந்த வண்டியின் பக்கத்தில்தான் நம் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள்.