லேத் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது? சின்ன காந்தம் சொல்லும் கணக்கு!

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி போன்ற கொள்ளிடக் கரையோர ஊர்களில் பம்ப்செட் ஷாஃப்ட் தேய்ந்துபோனால், அடுத்து தேடிப் போகும் இடம் லேத் பட்டறைதான். கடைசல் சரியாக வர, லேத்தின் ஸ்பிண்டில், அதாவது ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் அச்சு, நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

லேத்திலேயே ஆர்.பி.எம். பட்டியல் ஒட்டியிருக்கிறதே என்று கேட்கலாம். அது கணக்குப்படி வரவேண்டிய வேகம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 துருவ மோட்டாரின் காந்தப்புலம் 1,500 சுற்று சுற்றினாலும், முழு லோடில் மோட்டார் சுமார் 1,440 சுற்றுதான் வரும். லோ வோல்டேஜ் என்றால் இன்னும் குறையும். பெல்ட் வழுக்கினால் அதுவும் கழியும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வி.எஃப்.டி. மாட்டியிருந்தால், அதன் திரையில் தெரிவது பெரும்பாலும் மோட்டாருக்குப் போகும் ஹெர்ட்ஸ்தான். ஸ்பிண்டில் வேகம் இல்லை.

வேகம் தப்பினால் என்ன?

50 மி.மீ. விட்டமுள்ள இரும்பு ஷாஃப்ட்டை, எச்.எஸ்.எஸ். டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய வேண்டும் என்றால், ஸ்பிண்டில் சுமார் 191 ஆர்.பி.எம்.மில் சுற்ற வேண்டும். தெரியாமல் 300-ல் ஓட்டினால் டூல் முனை சூடேறி சீக்கிரமே மழுங்கிவிடும். கிரைண்டிங் சக்கரத்தில் நிலைமை இன்னும் மோசம். வேகம் 20 சதவீதம் கூடினால், சக்கரத்தைப் பிய்க்கப் பார்க்கும் விசை 44 சதவீதம் கூடும். சக்கரத்தில் அச்சிட்ட அதிகபட்ச வேகத்தைத் தாண்டினால் அது வெடித்துச் சிதறலாம். உயிருக்கே ஆபத்து.

காந்தம் எப்படி எண்ணுகிறது?

மின்சாரம் ஓடும் தகட்டின் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்தால், தகட்டின் குறுக்கே சிறிய மின்னழுத்தம் உண்டாகும். 1879-ல் அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் கண்டுபிடித்தது இது. அவர் பெயரில்தான் 'ஹால் சென்சார்'. ஸ்பிண்டிலின் பின்முனையில் ஒரு சின்ன காந்தம், சில மி.மீ. தள்ளி அசையாமல் ஒரு சென்சார். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு வரும். அவ்வளவுதான்.

ஆனால் எண்ணுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 191 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 3.18 சுற்று. ஒரு நொடிக்குள் வரும் துடிப்பை எண்ணினால் 3 அல்லது 4 கிடைக்கும். அதாவது மீட்டர் 180 என்றும் 240 என்றும் மாறி மாறிக் காட்டும். இதை நம்பி என்ன செய்வது? அதனால் குறைந்த வேகத்தில் துடிப்பை எண்ணாமல், இரண்டு துடிப்புக்கு இடையே உள்ள நேரத்தை அளக்கிறார்கள். 0.314 நொடி வந்தால், 60-ஐ அதால் வகுத்தால் போதும்: 191.

ஒளியால் அளக்கும் கருவியும் உண்டு. ஆனால் கூலன்ட், எண்ணெய், தூசி படிந்தால் அதன் கண் மறைந்துவிடும். காந்தத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதற்கு வேறு தொல்லை: இரும்புத் தூளும் சுருளும் வந்து ஒட்டிக்கொள்ளும். பசை போட்டு ஒட்டிய காந்தம் அதிவேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கவும் வாய்ப்புண்டு. எனவே காந்தத்தை வளையத்துக்குள் குழிதோண்டிப் பதிப்பது நல்லது. அல்லது ஸ்பிண்டிலில் இரும்புப் பல்சக்கரம் மாட்டி, காந்தத்தை சென்சாரின் முதுகுப் பக்கமே வைத்துவிடலாம். 60 பல் இருந்தால் கணக்கு இன்னும் சுலபம். நொடிக்கு எத்தனை துடிப்போ அதுதான் ஆர்.பி.எம்.

புதிதாக மாட்டியதும், கையில் பிடிக்கும் டேக்கோமீட்டரை வைத்து இரண்டு மூன்று வேகங்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஜாப்பை ஏற்றுவது நல்லது.